தூசியும் வடிதாளும்

ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி நினைவுகளை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை நம்மிலும் நன்றாக எழுத வல்ல நண்பர் பலர் உளர். ஆதலின், நமது மோட்டார் வண்டியினால் நாம் அடைந்த ஒரு வெட்கத்தை எழுதத் துணிந்தோம். பொருள் சிறிது, கராஜ்காரர் 'எயார் பில்டர்' என்று சொல்லும் காற்று வடிகட்டி.

நாம் வாழும் தெல்தெனிய புதிய ஊர். பழைய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும்; காய்ந்த கரைமண் காற்றிற் பறக்கும். மகியங்கனை வீதியிற் செல்லும் லொறிகளும் தம் பங்குக்குத் தூசி எழுப்பும். இத்தூசியினூடே மாதமொருமுறை இல்லாளைக் கண்டி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது நமது பழைய கொரொல்லா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் வேறொன்று வாங்குவது நமக்குக் கனவிலும் இயலாததாயிற்று.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். அக்காற்றோடு வரும் மணற்றுகள் இரும்பினும் கடியது. மயிரிழையின் பத்திலொரு பங்கு பருமனுள்ள துகளே சிலிண்டருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையிற் புகுந்து இரண்டையும் அராவிவிடும். நாம் முதன்முதல் ஓட்டிய மொரிஸ் மைனரில் எண்ணெய்த் தட்டொன்று இருந்தது. காற்று அதன்மேல் வளைந்து திரும்புகையிற் பாரமான தூசி எண்ணெயில் விழும். இக்கால வண்டிகளிலோ பிசினூட்டிய மடிப்புத்தாள். விரித்தால் மேசையை மூடத்தக்க தாளை ஒரு சிறு சட்டத்துள் அடக்கியிருப்பர்.

2021இல் தயாரிப்பாளரின் அசல் பில்டர் எளிதிற் கிடைக்கவில்லை. கடையொன்றில் அசலின் பாதி விலைக்கும் குறைவாகப் போலி ஒன்றை வாங்கி, வழமையாக நம் வண்டி பார்க்கும் பாஸிடம் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சேர், இதன் றப்பர் ஓரம் சரியாகப் படியவில்லை" என்றார். "மூடியை இறுக்கிப் பூட்டினாற் படியும்" என்றோம் நாம். படித்தவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று அவர் பூட்டிவிட்டார்.

அடுத்த ஆண்டில் எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. மேட்டில் ஏறினால் நீலப்புகை. பாஸின் வேலையிலேதான் பிழை என்று கருதி, அயலார் கேட்கக் கடிந்து பேசி, கூலியில் ஒரு பகுதியையும் நிறுத்திக்கொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. பில்டர்ப் பெட்டியைத் திறந்து, "உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், சேர்" என்றார். எஞ்சினுக்குச் செல்லும் சுத்தமான பக்கத்துக் குழாயில் விட்ட விரல் செம்மண்ணாய் வெளிவந்தது. போலியின் ஓரம் நெடுகத் தூசி ஒரு கோடாகப் படிந்திருந்தது. தாள் நல்லதோ கெட்டதோ, காற்று அதனைத் தொடாமலே பக்கத்தாற் சென்றிருக்கிறது!

கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் வடிதாளை நான்காக மடித்துப் புனலில் இட்ட நாள் அப்போது நினைவுக்கு வந்தது. விளிம்புக்கு மேலே ஊற்றினாற் கலங்கல் பக்கத்தால் இறங்கிவிடும் என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னார்! அப்பாடத்தில் நாம் நல்ல புள்ளி பெற்றவர் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்போதும் நாம் அடங்கினோமல்லோம். மெல்பேணிலிருக்கும் மருமகன், அவரும் நம் கல்லூரி மாணவரே, எண்ணெய் பூசிய பருத்தி பில்டரொன்றை அனுப்பிவைத்தார். "மாமா, கழுவிக் கழுவிப் பல்லாண்டு பாவிக்கலாம், பெற்றோலும் மிச்சம்" என்று தொலைபேசியிற் சொன்னார். ஓரம் நன்றாகவே படிந்தது. எஞ்சினின் ஒலியும் கம்பீரமாயிற்று. கழுவியபின் நாமே தாராளமாக எண்ணெய் பூசினோம். மிகையான எண்ணெய் காற்றளக்கும் நுண்கம்பியிற் படிந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மிச்சமென்ற பேச்சும் மிகை. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மின்னணுக் கட்டுப்பாடுள்ள பெற்றோல் வண்டிகளில் அடைபட்ட பில்டரே எரிபொருட் செலவைக் குறிப்பிடத்தக்கவாறு கூட்டுவதில்லை. வேகமெடுக்கும் வலுவே குறையும். பருத்தி காற்றை எளிதில் விடும். பொதுவாக நுண்தூசியையும் தாளினும் சற்று அதிகமாக விடும். ஓட்டப்பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். வைத்தியசாலைக்குப் போகும் நமக்கு அத்தனை விரைவு எதற்கு?

இப்பொழுது அசல் தாளே பூட்டுகிறோம். கைந்நூல் குறிக்கும் தூரத்துக்கு முன்னரே மாற்றுகிறோம். அழுத்தக் காற்றால் ஊதித் தாளின் நுண்துளைகளைக் கிழிப்பதில்லை. எஞ்சினைத் திறந்து வளையங்களை மாற்றிய செலவை இங்கே கூற மாட்டோம்.

அவ்வேலையைச் செய்தவர் அதே பாஸ்தான். நிறுத்திய கூலியோடு அவர் வீட்டுக்குப் போய், அயலார் கேட்கவே பிழை நமதென்றோம். அவர் தேநீர் தந்தார். அந்தப் போலி பில்டர் இன்றும் அவர் கராஜ்ச் சுவரில் ஓர் ஆணியிற் தொங்குகிறது. மலிவுப் பொருளோடு வருவோர்க்கு அதன் ஓரத்துத் தூசிக் கோட்டைக் காட்டுவார்; யாருடைய வண்டியில் இருந்தது என்று மட்டும் சொல்வதில்லை.