கொட்டகலையிலிருந்து மூழ்கிய மஸ்கெலியா வரை

கொழும்புப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு அட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். இருட்டுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கூச்சல் அடங்குவதற்குள் வெளிச்சம் வந்துவிடும், வெளிச்சத்தோடு கொட்டகலையும் வந்துவிடும். 2025 மார்ச்சில் ஒரு காலை, முதுகில் பையோடு நான் இறங்கியது அங்கேதான். பீக்கோ பாதையின் ஏழாம் கட்டம் கொட்டகலையில் தொடங்கி நோர்வூட்டில் முடிகிறது. அதை நடந்து முடித்து, அங்கிருந்து மஸ்கெலியா போய், மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியிருந்தால் அதில் மூழ்கிய பழைய ஊரைப் பார்ப்பது என் திட்டம்.

பீக்கோ பாதையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நடைபாதை இது, மொத்தம் 22 கட்டங்கள். ஸ்பெயின்காரரான மிகேல் குனாட் இலங்கையில் சுற்றுலாத் தொழில் செய்துகொண்டிருந்தபோது இதைக் கற்பனை செய்து, வழி தேடி வரைந்தார். ஐரோப்பிய ஒன்றியமும் யூஎஸ்எய்டும் பணம் தந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை, தலவாக்கலைப் பக்கத்து வட்டகொடை, பொகவந்தலாவை, டயகம, ஹோர்ட்டன் சமவெளி, அப்புத்தளை என்று மலையகத்தின் முக்கால்வாசியையும் தொட்டுக்கொண்டு போகிறது. நல்ல வேலை. மனமாரச் சொல்கிறேன், இந்த நாட்டின் சுற்றுலாவில் அண்மைக் காலத்தில் நடந்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று.

ஆனால் இந்தப் பாதையின் பெரும்பகுதியை யாரும் புதிதாக வெட்டவில்லை. வழி தேடியவர் தேடிக் கண்டுபிடித்தது ஏற்கெனவே இருந்த தடங்களை. கோப்பிக் காலத்து வண்டிப் பாதை, கொழுந்து மலைக்கு ஏறும் குறுக்குவழி, லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஸ்டோர் என்னும் தேயிலை ஆலைக்குப் போகும் கல்லடுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடி. 1823 தொடக்கம் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கால்கள் மிதித்து மிதித்து உண்டாக்கியவை இவை. மன்னார்க் கரையில் இறங்கி, தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள் அந்த மக்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. இருநூறு ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியைத்தான் திரும்ப நடந்தது. வெப்பக் கடற்கரையில் தொடங்கிக் குளிர்மலையில் முடியும் நெடுநடையை இந்த நாட்டில் முதலில் நடந்தவர்கள் யார் என்று கேட்டால், என் பதில் அவர்கள்தான்.

கொட்டகலை தாண்டி ஒரு மணி நேரம் நடந்ததும் கொழுந்தெடுக்கும் மலை ஒன்றுக்குள் பாதை நுழைந்தது. இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் நிரையாக நின்றிருந்தார்கள். நின்று பார்த்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரு கையும் மாறி மாறிக் கிள்ளுகின்றன. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிகிறார்கள். எறியும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓர் இலையும் வெளியே விழுவதில்லை. சுட்டுவிரலின் உட்பக்கத்தில் சாயம் ஏறிக் கறுத்து, தோல் குறுக்காக வெடித்திருந்தது. ஓர் அக்கா என் பையைப் பார்த்துவிட்டு, "எத்தன கிலோ தம்பி தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு இருக்கும் என்றேன். "நமக்கு மத்தியான நிறுவைக்கே அம்புட்டு வேணும். கொறைஞ்சா அரைப்பேருதான்" என்றார்.

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். பல போராட்டங்களுக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அதை முழுதாகக் கையில் வாங்க, தோட்டம் வைத்த கிலோக் கணக்கை எட்ட வேண்டும். கொழுந்து குறைந்த வறண்ட மாதங்களில் அது எட்டுவதில்லை. பாதையில் எதிர்ப்படும் இந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் அன்று மட்டுமே பலமுறை கண்டேன். வருத்தமாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு ஒதுங்கிய சின்னக் கடையில் இரண்டு இளம் பெண்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் என்னுடையதை விடப் பெரிய பைகள். தமிழில் பேசிக்கொண்டதால் நானும் பேச்சுக் கொடுத்தேன். சென்னையில் வேலை. காலியிலிருந்து மேலே மேலேயாகத் தென்மேற்குக் கரையில் ஊர் ஊராகத் தங்கி, ஹிக்கடுவையில் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தியின் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். அவளுடைய தாத்தா மஸ்கெலியாவில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்ட 5,25,000 பேர் கணக்கில் அடங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு தேயிலைத் தூரிலிருந்து இன்னொரு தேயிலைத் தூருக்கு. "பாட்டிக்கு இன்னும் மஸ்கெலியா டவுன்தாங்க டவுன். ஊட்டிகூட அதுக்கு அப்புறம்தான்" என்றாள் பேத்தி. அவளும் மஸ்கெலியாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்கூபா பற்றிக் கேட்டேன். திருகோணமலைக்காரனான எனக்குச் சுழியோடிகளைத் தெரியும், கற்றுக்கொண்டதில்லை. முதல் பாடமே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதானாம். மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் மூச்சடக்கிப் போனார்கள். இங்கே அது நேர்மாறு. அழுத்தத்தில் சுருங்கிய காற்றை உள்ளிழுத்துவிட்டு மூச்சை நிறுத்தியபடி மேலே வந்தால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இறங்க இறங்க மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமப்படுத்த வேண்டும். முகமூடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றப் பழக வேண்டும். "அந்தப் பாடத்துலதான் அழுதேன்" என்றாள் தோழி. தொடக்கநிலைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மீற்றர்தான் எல்லை. ஹிக்கடுவைக்கு அப்பால் 1903இல் மூழ்கிய கொஞ்ச் என்ற எண்ணெய்க் கப்பலின் உடலுக்குள் மீன்கள் குடியிருப்பதைப் பார்த்ததுதான் இருவருக்கும் பெரிய அனுபவம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலில் சுழியோடிவிட்டு அன்றைக்கே மலையேறுகிறவர்கள் உண்டு. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடலுக்குள் கரைந்து நிற்கும். மேலே வந்த பிறகும் அது வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். விமானப் பயணத்துக்குச் சொல்லும் விதி என்ன? ஒரே ஒரு முறை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் சுழியோடியிருந்தால் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். ஏறத்தாழ 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தின் காற்றழுத்தத்துக்கு அந்த விதி பொருந்தும். நுவரெலியா 1,868 மீற்றர். பின்னேரம் ஹிக்கடுவையில் கரையேறி, இரவு பஸ் பிடித்து விடியும்போது நுவரெலியாவில் நிற்பது விளையாட்டல்ல. இந்தப் பெண்கள் ஒரு முழுநாள் காலியில் தங்கிவிட்டே வந்திருந்தார்கள். பயிற்சியாளர் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நோர்வூட்டில் பாதையை விட்டு, மூவருமாக மஸ்கெலியா பஸ் ஏறினோம்.

மஸ்கெலியா டவுன் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் பஸ்கள் மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை இந்த வழியாகத்தான் நல்லதண்ணிக்குப் போகும். பார்க்கிறவர்களுக்குப் பழைய ஊர் போலத் தோன்றும். ஆனால் இது 1960களில் எழுந்த ஊர். பழைய மஸ்கெலியா கீழே, மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. மஸ்கெலி ஓயாவுக்கு 1969ஐ ஒட்டி அணை கட்டி முடித்தபோது, கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றோடும் ஊர் தண்ணீருக்குள் போனது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் மட்டும் அது தலைகாட்டும்.

அன்று காட்டியது. கரையிலிருந்து பார்த்தால் முதலில் செம்மண் நிறச் சேறு மட்டும்தான். கண் பழகியதும் கோடுகள் தெரியத் தொடங்கின. நேராகப் போகும் ஒரு வரிசைக் கல், அது தெரு. சதுரமாக ஒரு மேடு, அது ஏதோ கட்டடத்தின் அத்திவாரம். சற்றுத் தள்ளிக் கோயிலின் கற்சுவர். அதன் மேல் வண்டல் படிந்து காய்ந்து, மீன் செதிலாய் வெடித்திருந்தது. யாரோ புதிதாகச் சூடம் கொளுத்திய கரி ஒரு கல்லில் இருந்தது.

எங்களோடு இறங்கி வந்த பெரியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. "அந்தாந்தக் கல்லுக்கு அங்கிட்டு சேறு, காலு பொதைஞ்சிரும், போகாதீங்க" என்று முதலில் எச்சரித்தார். பிறகு கையை நீட்டி நீட்டிக் காட்டினார்: புடவைக் கடை, பேக்கரி, சலூன், படம் ஓட்டின கொட்டகை. தண்ணீர் ஏறிய நாட்களில் மேல் மலையில் மற்றப் பிள்ளைகளோடு நின்று பார்த்திருக்கிறார். "ஒரே நாள்ல வரலீங்க. மெதுவா வந்துச்சு. இன்னைக்கு ஒரு படி, நாளைக்கு ஒரு படி. கோயில் படி முங்குறப்போ ஆச்சி ஒப்பாரி வச்சிட்டாங்க."

கோத்தகிரிப் பெண் தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னாள். அவருக்குத் தோட்டத்தைத் தெரியும், ஆளைத் தெரியவில்லை. "அந்தத் தோட்டத்துல பாதிப் பேரு போயிட்டாங்க தாயி. ஒவ்வொரு வாரமும் ரெண்டு குடும்பம். ஸ்டேசன்ல கட்டிப்பிடிச்சு அழுவாங்க" என்றார். ஊர் தண்ணீரில் முழுகியதும் ஊர்க்காரர்கள் கப்பலேறத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம். 1948இல் குடியுரிமையைப் பறித்த சட்டம் இந்த மக்களை யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது, மிஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003இல்தான் சட்டத்தால் தீர்ந்தது. அந்தக் கரையில் நின்று இந்த ஆண்டுகளைச் சொல்லும்போது அவை வெறும் எண்ணாக இருக்கவில்லை.

இந்த நீர்த்தேக்கத்துக்குள் சுழியோட முடியுமா என்று தோழி கேட்டாள். கற்றுக்கொண்ட ஆர்வத்தில் வரும் நியாயமான கேள்வி. கூடாது என்றேன். இது மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர், அணைப் பக்கத்தில் நீரை உள்வாங்கும் வாய்கள் உண்டு, வண்டல் கலங்கினால் கைகூடத் தெரியாது. 300 மீற்றருக்கு மேற்பட்ட நீர்நிலைகளில் கடலுக்குப் போட்ட நேர அட்டவணையும் செல்லாது, உயரத்துக்கென்று தனிக் கணக்கும் தனிப் பயிற்சியும் வேண்டும். மவுசாகலையோ 1,100 மீற்றரைத் தாண்டியது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச் கப்பலைப் போல இது பார்த்துவிட்டு வரும் சிதைவல்ல. கும்பிட இன்னும் ஆள் இருக்கும் இடம்.

இந்தத் தண்ணீர்தான் கனியன், லக்சபான, பொல்பிட்டி என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கிக் களனி ஆற்றில் சேர்கிறது. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கொழும்புக்கு வெளிச்சம் போனது. அணையைச் சுற்றியிருந்த லயங்களில் குப்பி விளக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் எரிந்தது.

நான் இறங்கிய இடத்தில் பழைய ஊரைப் பற்றிச் சொல்லும் ஒரு பலகைகூட இல்லை. மும்மொழியிலும் ஒன்று வேண்டும், அந்தப் பெரியவர் போன்றவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். கடை எது, தெரு எது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலையகத்தில் மண்சரிவுகள் வீடுகளையும் பாதைகளையும் கொண்டுபோயின. 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது எழுந்த கோரிக்கையே மறுபடி எழுந்தது: பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி, சொந்த வீடு.

தமிழ் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பீக்கோ பாதையில் நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். நாமும் நடக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை மேற்கு மலைகளில் நடக்க ஏற்ற காலம். மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பெரிய ஹோட்டலை விட்டுத் தோட்டத்துக் குடும்பங்கள் நடத்தும் அறைகளில் தங்குங்கள், வழிகாட்டியாகத் தோட்டத்து இளைஞரையே அமர்த்துங்கள், ரொட்டியும் கட்டச் சம்பலும் அவர்கள் கடையிலேயே சாப்பிடுங்கள். கொழுந்து மலையில் படம் எடுக்கும் முன் வணக்கம் சொல்லிப் பெயர் கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது இலங்கையிலிருந்து திரும்பியவர்களாக இருந்தால், புறப்படும் முன் அவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் கையிலிருந்தால், இடத்தைக் காட்ட ஆள் இன்னும் இருக்கிறார்கள்.