சுவருக்கும் செவியுண்டு

'சிம்பாங் அம்பாட்' என்னும் மலாய்த் தொடருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்துத் தென் செபராங் பிறையில் அமைந்த இவ்வூரில் வரிசை வீடொன்றில் வாழ்பவர்கள் நாங்கள். எங்கள் வீட்டின் இருபுறச் சுவர்களும் எங்களுக்கு மட்டும் உரியவை அல்ல; அண்டை வீட்டாருக்கும் அவையே சுவர்கள். இவ்வுண்மையை எங்களுக்கு உணர்த்தியவை ஆறு ஒலிபெருக்கிப் பெட்டிகளாகும்.

பள்ளி விடுமுறையில் எங்கள் தந்தையார் அப்பெட்டிகளை வாங்கி வந்தார். முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்ந்த ஒலிக்கெனத் தரையில் வைக்கும் பெரிய பெட்டி ஒன்று. இடச்சுவரில் தொலைக்காட்சி, வலச்சுவர் ஓரமாக இருக்கை, அச்சுவரிலேயே பின்பெட்டிகள் என்று தமையனார் திட்டமிட்டார். துளைக்கருவியையும் கையில் எடுத்துவிட்டார்.

"நில்லப்பா!" என்றார் பாட்டியார். "தோட்டத்தில் படம் போடுவார்கள். கம்பத்தில் ஒரே ஒரு குழாய்தான் கட்டியிருக்கும். தோட்டமே கூடி உட்கார்ந்து கேட்டதால் அது யாருக்கும் இரைச்சலாகத் தோன்றவில்லை. இங்கே நாம் கேட்பதை அடுத்த வீட்டுக்காரர் கேட்க விரும்புவாரா?"

வலச்சுவருக்கு அப்பால், நாங்கள் 'பாக் சிக்' என்றழைக்கும் மலாய்ப் பெரியவரின் படுக்கையறை உள்ளது. பத்து காவான் தொழிற்பேட்டையில் இரவுப் பணி புரிந்து, பகலில் உறங்குபவர் அவர். 2017 நவம்பரில் பினாங்கை வெள்ளம் சூழ்ந்தபோது, எங்கள் பாட்டியாரைக் கைத்தாங்கலாக மேட்டுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

எனவே, துளையிடுமுன் பெட்டிகளை முக்காலிகளின்மேல் வைத்துச் சோதித்தோம். பாக் சிக்கின் இசைவு பெற்று அவரது அறையில் நின்று கேட்டோம். சொல் ஒன்றும் விளங்கவில்லை; உறுமல் மட்டும் கட்டில்வரை வந்தது. உயர்ந்த ஒலியைச் செங்கற்சுவர் பெரிதும் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியோ சுவரையே அதிரவைத்து மறுபுறம் சென்றுவிடும். பெட்டியைச் சுவரில் இறுக்கிவிட்டால் அதன் அதிர்வு நேரே சுவருக்குள் இறங்கும்.

திட்டத்தை அப்படியே திருப்பினோம். கூடத்தையும் எங்கள் சமையலறையையும் பிரிக்கும் உட்சுவருக்குத் தொலைக்காட்சி மாறியது. நடுப்பெட்டிக்கு இருபுறமும் 30 பாகையிலும், பின்பெட்டிகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் அமைதல் வேண்டும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தங்கையின் பாகைமானியும், நூலும், சுண்ணக்கட்டியும் எங்களுக்கு உதவின. தொலைக்காட்சியிலிருந்து இருக்கைக்குப் பத்தடி; ஆகவே, முன்பெட்டிகள் நடுவிலிருந்து ஆறடிக்குச் சற்றுக் குறைவான தொலைவில் அமைந்தன. இருக்கையை வாசற்சுவரிலிருந்து மூன்றடி முன்னே நகர்த்தி, அச்சுவரின் நடுவிலிருந்து எட்டெட்டு அடியில் பின்பெட்டிகளைக் குறித்தோம். கோணம் ஏறத்தாழ 110 பாகை வந்தது! பெரிய பெட்டியைப் பொதுச்சுவர்களை விட்டு விலக்கித் தடித்த இரப்பர் விரிப்பின்மேல் வைத்தோம்.

மின்விசைக்கு நேர்மேலும் நேர்கீழும் சுவருக்குள் கம்பி ஓடக்கூடுமாதலால், அவ்விடங்களைத் தவிர்த்தே தந்தையார் துளையிட்டார். உரையாடல் பெரும்பாலும் நடுப்பெட்டியிலிருந்து வருவது. அதன் ஒலியை மட்டும் சிறிது உயர்த்தியதும், செவி மந்தமான பாட்டியாருக்கும் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. மற்றவற்றைக் கூட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

மீண்டும் பாக் சிக்கின் அறைக்குச் சென்றோம். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துப் புன்னகைத்தார். ஆயினும், பகலில் அவர் உறங்கும் வேளையில் படம் போடுவதில்லை என்றும், இரவு பத்து மணிக்குள் நிறுத்திவிடுவதென்றும் எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். அவருடைய அடுத்த விடுமுறை நாளில் அவரே எங்கள் இல்லம் வந்து, பாட்டியாரின் அருகில் அமர்ந்து படம் பார்த்தார். "இப்போதுதான் தோட்டத்துப் படம் மாதிரி இருக்கிறது" என்றார் பாட்டியார்.

அன்பார்ந்த மாணவ மணிகளே! செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகையின் அறிவுரை. எண்ணும்போது நம் இன்பத்தை மட்டும் எண்ணாமல், சுவருக்கு அப்பால் உறங்குபவரையும் சேர்த்தே எண்ணுவோமாக!