சிங்கப்பூரில் ஒரு புல்வெளி

சிங்கப்பூருக்கு மாணவர்களை அழைத்துப் போகிறோம் என்று சொன்னதுமே நண்பர்கள் ஆளுக்கு ஒரு ஜாபிதா கொடுத்துவிட்டார்கள். பார்க்க வேண்டிய கடை வீதிகள், விளக்கு அலங்காரங்கள், வானை முட்டும் மாளிகைகள்! அவற்றையெல்லாம் எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த 22 பேரும் கண் குளிரப் பார்த்தார்கள். அவற்றை வர்ணிப்பதற்குப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே சொல்ல விரும்புவது ஒரு புல்வெளியைப் பற்றித்தான்.

அதற்குப் 'பாடாங்' என்று பெயர். மலாய் பாஷையில் மைதானம் என்று பொருள். அதன் ஒரு பக்கத்தில், கம்பீரமான தூண்கள் வரிசையாக நிற்கும் பழைய நகர மண்டபம் இருக்கிறது. 2015-ஆம் வருஷம் முதல் அது தேசியக் கலைக்கூடத்தின் பகுதியாக விளங்குகிறது. 1943 ஜூலை 5-ந் தேதி, அந்த மண்டபத்தின் எதிரேதான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். "டில்லி சலோ!" என்ற கோஷம் அங்கே எழுந்தது.

அந்த ராணுவத்தில் பின்னர் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஏராளம். சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் வைத்தியத் தொழில் செய்துவந்த டாக்டர் லக்ஷ்மி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை வகித்தார். தோட்டங்களிலே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத பெண்கள் பலர் அவருடைய படையில் துப்பாக்கி பிடித்தார்கள்.

"பார்க்காத தேசத்துக்காக எப்படி உயிரைக் கொடுக்கத் துணிந்தார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அதுவரையில் அவர்களைக் 'கூலி' என்று கூப்பிட்டார்கள். இப்போது 'வீராங்கனை' என்று கூப்பிட்டார்கள். அது போதாதா, அம்மா?" என்றோம்.

மைதானத்துக்கு அருகே ஒரு பூங்கா. இந்திய தேசிய ராணுவத்தில் உயிர் துறந்தவர்களுக்காக 1945 ஜூலை 8-ந் தேதி நேதாஜி அங்கே ஒரு ஞாபகச் சின்னத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள் தரும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். செத்தவர்களின் நினைவுக்குக்கூட சாம்ராஜ்யம் அஞ்சியது போலும்! 1995-ல் சிங்கப்பூர் அரசாங்கம் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை நிறுவியது.

எங்கள் மாணவர்கள் பெருமிதத்துடன் நிமிர்ந்து நின்றார்கள். ஆனால் அதே பூங்காவில் எண்கோண வடிவில் இன்னொரு மண்டபம் இருக்கிறது. அது லிம் போ செங் என்னும் சீன வீரருடையது. ஜப்பானியரை எதிர்த்து ரகசியமாகப் போராடியவர் அவர். பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி 1944-ல் சிறையில் உயிர் நீத்தார். யாரோடு சேர்ந்து நம்மவர்கள் போரிட்டார்களோ, அவர்களே இவரைக் கொன்றவர்கள்!

மாணவர்களின் பேச்சு அடங்கியது. எதிர்ச்சாலையைக் கடந்து சென்றோம். அங்கே நான்கு வெண் தூண்கள் 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், ஜப்பானியர் ஆயிரக்கணக்கான சீனர்களைப் பொறுக்கி எடுத்துச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கும், அந்த ஆதிக்கத்தில் மாண்ட மற்ற ஜனங்களுக்கும் 1967-ல் எழுந்த சின்னம் அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றோர் என்று நான்கு சமூகத்தாருக்கும் ஒவ்வொரு தூண், அடிபீடமோ ஒன்றுதான்.

"அப்படியானால் நம் வீரர்கள் செய்தது பிசகா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவன் குரலில் வேதனை இருந்தது.

அவர்கள் விரும்பியது தாய்நாட்டின் விடுதலை. அந்த விருப்பத்தில் மாசு கிடையாது. ஆனால் நமக்குத் துணையாக வந்த கை, பக்கத்து வீட்டில் ரத்தம் சிந்தியதையும் மறைக்க முடியாது. இரண்டும் சரித்திரம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிப்பதுதான் வெடி வைக்கிறவர்களின் வேலை.

சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் கடை வீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் புல்வெளிக்குக் கொடுக்கட்டும். குழந்தைகளையும் அழைத்துப் போகட்டும். நம்முடைய தியாகிகளுக்குத் தலை வணங்கிவிட்டு, நாலடி நடந்து, பிறருடைய தியாகிகளுக்கும் தலை வணங்கலாம். தேசபக்தி அதனால் குறைந்துவிடாது, முதிர்ச்சி அடையும்.