ஹெலனும் இன்னொருத்தியும்

2025 மே மாதம் நடிகை மாலினி பொன்சேகா மறைந்த செய்தி கேட்டதும் எனக்கு நினைவில் வந்தவள் அவர் நடித்த ஹெலன்தான். இயக்குநர் தர்மசேன பத்திராஜ 1978இல் தந்த ‘பம்பரு அவித்’ என்ற சிங்களப் படத்தின் மீனவப் பெண். கதை நடப்பது எங்கள் கற்பிட்டிப் பக்கத்துக் கரையில். விஜய குமாரதுங்க நடித்த விக்டர் நகரத்திலிருந்து மீன் வியாபாரம் பிடிக்க வருகிறான். ஜோ அபேவிக்ரம நடித்த அன்ரனுக்கு, கரையை ஆண்டுவந்த முதலாளிக்கு, அது பொறுக்கவில்லை. அந்தச் சண்டைக்குள் ஹெலன் அகப்பட்டுப்போகிறாள்.

அந்தச் சண்டை எங்களுக்குப் பழக்கம்தான். கரைவலை ஏறும் நேரத்தில் முதலாளிமார் மணலில் வந்து நிற்பார்கள். வலைக்கும் வள்ளத்துக்கும் முற்பணம் வாங்கியவன் அவர்கள் சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும். வாடியில் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயில் பார்த்துப் புரட்டிப் போடும் பெண்களிடம் யாரும் விலை கேட்பதில்லை. பத்திராஜவின் கண் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். தமிழிலேயே ‘பொன்மணி’யை எடுத்தார், சாதி தாண்டிக் காதலித்த பெண்ணின் கதை. அந்தப் படத்தை நாங்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு.

கரை என்று தொடங்கினால் 1990 ஒக்டோபரில் வந்து நிற்காமல் முடியாது. விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டியில் இறங்கினார்கள். பள்ளிவாசல்கள் நிரம்பின, பாடசாலைகள் நிரம்பின. வீட்டுக்கு வீடு உலை ஏறியது. உம்மா கஞ்சி ஊற்றிக்கொடுக்கும்போது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்: “மாமி, இங்க கூலி வேலை ஏதும் கிடைக்குமா?” சேலை இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு அவளை வெங்காயத் தோட்டத்தில் குனிந்தபடி கண்டேன். ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, அன்றன்றைக் கூலி. அதிலிருந்துதான் பிள்ளைக்குக் கொப்பி வாங்கினாள்.

இப்போது ஹெலனைப் பார்க்கும்போதெல்லாம் இவளும் கூடவே வருகிறாள். ஹெலனின் வாழ்க்கையை ஆண்களின் போட்டி தீர்மானித்தது. இவளையும் துப்பாக்கிதான் கடலில் ஏற்றியது. ஆனால் இறங்கிய பிறகு நடந்ததெல்லாம் இவள் செய்தது. கதைப்படம் ஒன்றின் நாயகியாக இவளை நான் இன்னும் பார்க்கவில்லை. எடுப்பவர்கள் வரட்டும், இங்கேயே, எங்கள் பேச்சிலேயே எடுக்கட்டும். அன்று 20 வயதில் வள்ளம் ஏறியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.