எட்டாயிரம் வெள்ளிக்கு என்ன கேட்கிறது?

இருநூறு வெள்ளி ஸ்பீக்கரிலிருந்து எண்ணூறு வெள்ளி ஸ்பீக்கருக்குப் போனால் பாட்டு மாறும். கைப்பேசியில் கேட்டபோது இருக்கும் இடமே தெரியாத பேஸ் கிதார் எழுந்து வந்து நிற்கும். வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரியும். எண்ணூறிலிருந்து எட்டாயிரத்துக்குப் போனால்? பாட்டு கொஞ்சம் மாறும். பாட்டைப் பற்றிய நம் பேச்சு நிறைய மாறும்.

சிங்கப்பூரில் இந்தப் பேச்சுக்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அடெல்ஃபி. ஹைஃபை கடைகளுக்குப் பேர்போன இடம். வேலை முடிந்ததும் நண்பனோடு அங்கே போவேன். கதவைச் சாத்தி, சோபாவில் உட்காரவைத்துப் பாட்டுப் போடுவார்கள். நண்பன் கண்ணை மூடிக்கொண்டு, "குரலுக்குப் பின்னாடி காத்து இருக்கு பாரு, கேக்குதா?" என்பான். கேட்பது போலத்தான் இருக்கும். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்துப் பொருளியலில் 'குறைந்து செல் விளைவு விதி' என்று படித்தது ஹைஃபையில் எண்களாகவே கண்ணுக்குத் தெரிகிறது. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை 100 வாட்டாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது 500 வாட். காசு பெருக்கலில் போகிறது, காது கூட்டலில் வாங்குகிறது.

2007-இல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிடியைவிட உயர்தரமான ஒலித்தட்டுகளை ஓடவிட்டு, நடுவில் அந்த ஒலியைச் சாதாரண சிடி தரத்துக்கு இறக்கி அனுப்பினார்கள். எது எது என்று கேட்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதேதான் வந்திருக்கும். இதை நண்பனிடம் சொன்னேன். "அவங்க காது வேற, என் காது வேற" என்றான். சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் மனசில் தங்கிவிட்டது.

இன்னொரு தடையும் உண்டு. பதிவில் இல்லாததை எந்தப் பெட்டியாலும் தர முடியாது. சிங்கப்பூரில் படமெடுத்த 'ப்ரியா' (1978), ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாடல்களில் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்திய டி.எம்.எஸ். பாடல்கள் பெரும்பாலும் மோனோ. அவற்றை எத்தனை ஆயிரத்துக்குக் கேட்டாலும் ஒரே புள்ளியிலிருந்துதான் வரும். அதோடு நம் அடுக்குமாடி வீட்டு ஹால்: சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, மூலைக்கு மூலை முட்டித் திரும்பும் பேஸ். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு கம்பளம், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே தள்ளி வைப்பது. எங்கள் வீட்டில் இதுவே விலை கூடின கேபிளைவிட அதிகம் செய்தது.

நண்பன் அந்த எட்டாயிரத்தைக் கட்டிய மாதத்தில்தான் அப்பாவை காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்கள். தாழ்ந்த ஒலிகளில் சமமாக ஓடிய கோடு, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிவில் இறங்கியது. வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த ஒலிகள்தானாம். 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் குடியிருப்பது அங்கேதான். அம்மா பேசுவது சத்தமாகக் கேட்கும், சொல் மட்டும் விளங்காது. அதனாலேயே சில வருடமாக அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒலி 96.8-ஐ மட்டும் உரக்க வைத்துக்கொண்டு இருந்தார்.

காது மெஷினும் மலிவில்லை. ஆனால் அந்தக் காசு வேறு இடத்தில் விழுந்தது. போட்ட முதல் நாளே, "பேப்பர் புரட்டினா இவ்வளவு சத்தமா வரும்?" என்றார். அன்று இரவு சமையலறையில் அம்மாவும் அவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இடையில் யாரும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

நண்பனை நான் குறை சொல்ல மாட்டேன். உழைத்த காசு, அவன் சந்தோஷம். கவிதையில் ஒரு சொல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசி ஒரு சதவீதத்தின் போதை தெரியாததல்ல. ஆனால் அவனுக்கு வளைகோட்டின் உச்சியில் ஒரு மயிரிழை வாங்கித்தரும் காசு, இன்னொருவருக்கு அடிவாரத்தில் ஒரு மலையையே வாங்கித்தருகிறது. விலைச்சீட்டில் இந்த வித்தியாசம் இருக்காது. யார் காது என்று கேட்டால்தான் தெரியும்.

போன மாதம் அப்பாவை அவன் வீட்டுக்கு அழைத்துப்போனேன். டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைப் போட்டான். அப்பா முழுசாகக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "நல்லாருக்கு தம்பி. கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு வையுங்க."