மூக்கால ஒரு டீபக்கிங்

புரோகிராம் தப்பாப் போனா எர்ரர் மெசேஜ் வரும். வண்டிக்கு வாசனைதாங்க எர்ரர் மெசேஜ். இனிப்பா அடிச்சா கூலன்ட் ஒழுகுது. எண்ணெய் கருகின மாதிரின்னா சூடான சைலன்சர் குழாய்ல என்ஜின் ஆயில் சொட்டுது. காகிதம் எரிஞ்ச மாதிரின்னா கிளட்ச். பிளாஸ்டிக் தீஞ்சா வயரிங்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் இறக்குற சித்தப்பாவோட பிக்கப்ல வந்தது இதுல எதுவுமில்ல. மூக்குல குத்துற காரமான சூட்டு வாடை. "லோடு அடிச்சா அப்படித்தான்டா"ன்னார். எனக்கு மனசு கேக்கல.

சமதளத்துல நாலு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாம ஓட்டி, தானா நிக்க விட்டோம். சக்கரங்கள் பக்கத்துல கையைக் காட்டினா, முன் இடது மட்டும் அனல். ஜாக்கி போட்டுத் தூக்கினா, சுத்தவே மாட்டேங்குது. ப்ளீடர் திருகைத் தளர்த்தினதும் ஆயில் பீய்ச்சி அடிச்சு, சக்கரம் ஃப்ரீ! அப்போ காலிப்பர் சிக்கல. அழுத்தம்தான் திரும்பிப் போக வழியில்லாம நின்னிருக்கு. ஒரே சக்கரம்ங்கறதால மாஸ்டர் சிலிண்டரும் குற்றவாளியில்ல. மிச்சம் ரப்பர் ஓஸ். உள்ளுக்குள்ள உப்பி ஒருவழிப்பாதை ஆயிருந்துச்சு.

டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்துட்டா அது 140 வரை இறங்கிடலாம். கொதிச்சா உள்ள ஆவி. மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதுவும் மலை இறக்கத்துல, முழு லோடோட!

முன்னாடி ரெண்டு ஓஸும் மாத்தி, புது ஆயில் ஊத்தியாச்சு. உங்க வண்டியில என்ன வாசனை மக்களே? பின்னூட்டத்துல சொல்லுங்க :)