கட்டிலருகே கேட்ட சொல்

● "ஐயாவ வீட்டுக்குக் கொண்டு போயிருதோம் சிஸ்டர்." ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியானாலும் திருநெல்வேலியின் தனியார் ஆஸ்பத்திரியானாலும், தேறாத நோயாளியின் வீட்டார் இதைப் பெரும்பாலும் முதலில் சொல்வது நர்ஸிடம்தான். கைப்பணம் தீர்ந்திருக்கலாம். சொந்த வீட்டில் உயிர் போகட்டும் என்ற பாசமாக இருக்கலாம். சொத்துக் கணக்காகவும் இருக்கலாம்.

● தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் புகட்டியே கதையை முடித்துவிடுவார்கள். 2018-க்கான தேசிய விருது பெற்ற 'பாரம்' படம் பேசியது இதைத்தான். ஆகவே, "கொண்டு போயிருதோம்" என்பதை இங்குள்ள நர்ஸ் சும்மா கேட்டுக்கொண்டு போக முடியாது.

● பேச முடியாத நோயாளிக்காகப் பேசுவது யார் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனதுண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015-ல் இறக்கும்வரை சக நர்ஸுகளே தலைமுறை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரிய மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது.

● அதே நீதிமன்றம் 2018-ல், உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. முடிவு சொல்லும் குழுவில் சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். நர்ஸுக்கு அதில் இடம் இல்லை.

● தாமிரபரணிக் கரைக் கிராமத்தில் இதையெல்லாம் எழுதிவைப்பவர் யார்? ராத்திரி டிரிப் மாற்ற வரும் சிஸ்டரிடம், "போதும் தாயி, இனிமே குத்தாத" என்பார்கள். சிலர், "என் பேத்திய பாத்துட்டுப் போயிருதேன்" என்பார்கள். அதுவே அவர்கள் உயில். நர்ஸ் அதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு குறிப்பேட்டில் பதிய வேண்டும். குழு கூடும்போது அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

● வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானால் நான்கு கேள்விகள்: வலிக்கு மார்பின் உண்டா? படுக்கைப்புண் வராமல் புரட்டிவிட ஆள் உண்டா? ராத்திரி யார் பக்கத்தில் இருப்பார்கள்? வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட நர்ஸுக்குத் தகவல் போனதா? பதில் இல்லாத வீட்டுக்கு அனுப்பத் தயங்கும் நர்ஸை யாரும் அதட்டக் கூடாது. நோயாளியின் பக்கம் நிற்பது அவர் வேலை.